அனலாக் – டிஜிட்டல்: வித்தியாசம் எங்கே இருக்கிறது?



"அனலாக்குக்கும் டிஜிட்டலுக்கும் என்னப்பா வித்தியாசம்?" என்று வைவாவில் கேட்டால், "அது சைன் வேவ் சார், இது ஸ்கொயர் வேவ் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். ஆனால் அதே ஸ்கொயர் வேவை ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்துச் சோதித்தால் அங்கே அது அனலாக் சிக்னல்தான். வித்தியாசம் அலையின் வடிவத்தில் இல்லை. வோல்டேஜை எப்படி வாசிக்கிறோம் என்பதில் இருக்கிறது.

மைக்கில் இருந்து வரும் சிக்னலில் ஒவ்வொரு வோல்டேஜுக்கும் தனி அர்த்தம் உண்டு. அதில் நாய்ஸ் கலந்துவிட்டால் ஆம்ப்ளிஃபயர் பாவம் என்ன செய்யும்? இரண்டையும் சேர்த்தே பெரிதாக்கிவிடும்.

டி.டி.எல். கேட்டைப் பாருங்கள். அவுட்புட்டில் '0' என்றால் 0.4 வோல்ட்டுக்கு மேல் போகாது. அடுத்த கேட்டின் இன்புட்டோ 0.8 வோல்ட் வரை '0' என்றே ஏற்றுக்கொள்ளும். வழியில் 0.3 வோல்ட் நாய்ஸ் சேர்ந்து 0.7 ஆனாலும் கவலையில்லை, '0' '0'தான். அந்த கேட் தன் அவுட்புட்டைப் புதிதாகத் தருவதால் நாய்ஸ் அங்கேயே கழிந்துபோகிறது. டிஜிட்டலின் பலமே இதுதான்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. டெலிபோனில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள குரலை விநாடிக்கு 8000 தடவை சாம்பிள் எடுத்து, ஒவ்வொன்றையும் 8 பிட்டாக மாற்றுகிறார்கள். விநாடிக்கு 64,000 பிட். 8 பிட்டுக்கு 256 படிகள்தான். இரண்டு படிக்கு நடுவே வரும் மதிப்பைப் பக்கத்துப் படிக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். அந்தப் பிழை திரும்பச் சரியாகாது. ஆக, டிஜிட்டலில் பிழையே இல்லை என்பது தவறு. பிழையை ஆரம்பத்திலேயே ஓர் அளவுக்குள் அடக்கிவிடுகிறோம், அவ்வளவுதான்.

"இப்போ எல்லாமே டிஜிட்டல், லீனியர் ஐ.சி. எதுக்கு?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு கணக்கு. 8000 ஹெர்ட்ஸில் சாம்பிள் எடுக்கும்போது 5000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று உள்ளே நுழைந்தால், அது 3000 ஹெர்ட்ஸாக வேஷம் போட்டு வரும். அப்புறம் அசல் எது, வேஷம் எது என்று எந்தக் கம்ப்யூட்டராலும் பிரிக்க முடியாது. சாம்பிள் எடுக்கும் முன்பே அதைத் தடுத்து நிறுத்துவது ஓர் அனலாக் ஃபில்டர்தான்.

மைக், ஸ்பீக்கர், ஆன்டெனா, சென்சார் என்று வெளியுலகம் சர்க்யூட்டைத் தொடும் இடமெல்லாம் அனலாக்தான். எனவே நண்பர்களே, ஒன்றைப் படித்து மற்றதை சாய்ஸில் விட்டுவிடாதீர்கள். இரண்டும் தெரிந்தவனே முழு டெக்னீஷியன்!