மழைக்கு முன் கொல்லை வேலை

நம் டெல்டா கடற்கரை ஊர்களில் ஆண்டு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்றே மாதங்களில் பெய்துவிடுகிறது. ஆகவே வீட்டுத் தோட்டத்துக்குச் செப்டம்பர்தான் முக்கியமான மாதம். அப்போது விட்டுப்போன சில வேலைகளை மழை தொடங்கிய பின் செய்ய முடியாது, செய்தால் ஆபத்து. ஆண்கள் வெளிநாட்டில் இருக்க, தோட்டப் பொறுப்பு முழுவதும் உம்மாவின் தலையிலோ மருமகளின் தலையிலோ விழுந்திருக்கும் வீடுகள் நம்மிடையே அதிகம். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம்.

முதலில் தென்னை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது நம் மாவட்டங்கள் இழந்த தென்னைகளை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வளவு பெரிய காற்றைத் தடுக்க நம்மால் ஆவது ஒன்றுமில்லை. ஆனால் சாதாரண மழைக்காற்றில் விழும் நெற்றும் காய்ந்த மட்டையும் ஓட்டை உடைப்பதை, பிள்ளைகள் தலையில் விழுவதைத் தடுக்க முடியும். முற்றிய காய்களையும் காய்ந்த மட்டைகளையும் செப்டம்பரிலேயே இறக்கிவிடுங்கள். "காற்றுக்குப் பயமாக இருக்கிறது" என்று பச்சை மட்டைகளையும் கழிக்கச் சொல்கிறார்கள் சிலர். அது வேண்டாம். மரத்துக்கு உணவு சமைப்பதே பச்சை மட்டைதான். அதை வெட்டினால் அடுத்த காய்ப்பு குறையும். மழை பிடித்து மரம் வழுக்கத் தொடங்கிய பின் ஆளை ஏறச் சொல்லாதீர்கள். ஏறுகிறவருக்கும் ஒரு குடும்பம் உண்டு. கிளையோ மட்டையோ மின்கம்பியில் உரசினால் மின்வாரியத்துக்குச் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பின்தான் வெட்ட வேண்டும்.

முருங்கைக் கிளை சட்டென்று முறியும் சாதி. நீண்டு போன கிளைகளைக் குறைத்து வெட்டிவிட்டால் காற்றுக்கு மரம் தப்பும், புதிதாகவும் துளிர்க்கும். வெட்டிய இடத்தில் சாணி அப்புவது நம் ஊர் வழக்கம். தண்ணீர் இறங்காமல் இருக்க அது உதவும். முருங்கைக்கு வேரில் தண்ணீர் தேங்கவே கூடாது. அடியில் மண் அணைத்து மேடாக்கி, தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால் கீறிவிடுங்கள். வாழைக்கு முட்டுக் கொடுப்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக் கூரைமேல் சாய்ந்திருக்கும் நம் மரக்கிளையை, அவர்கள் வந்து கேட்கும் முன் நாமே வெட்டிவிடுவது நல்லது.

மழை தொடங்கியதும் கவனம் கொசுவின் மேல் இருக்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. பூந்தொட்டியின் அடித்தட்டு, கொட்டாங்கச்சி, பழைய டயர் என்று நல்ல தண்ணீர் கொஞ்சம் நின்றால் போதும். முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். எனவே வாரம் ஒருமுறை கொல்லையைச் சுற்றி வந்தால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது. வியாழக்கிழமை வீடு கழுவும் வழக்கம் உள்ளவர்கள் அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. ஓரங்களைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் முட்டை, காய்ந்த பாத்திரத்திலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும்.

மழை விட்டு மண் இளகியிருக்கும் டிசம்பர், ஜனவரியில் கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுங்கள். மேலே பிடுங்கினால் மறுபடியும் முளைக்கும். தென்னைக்கு இரண்டாம் தவணை உரம் வைப்பதும் அப்போதுதான். தூரை ஒட்டிக் கொட்டாமல், மரத்தைச் சுற்றி ஆறடி வரை வட்டப் பாத்தியில் பரவலாகப் போட்டு மண்ணோடு கலக்க வேண்டும். முதல் தவணை ஜூன், ஜூலையில்.

இனிப் புல்தரை. புது வீடுகளில் இது இப்போது பெருகிவருகிறது. மகன் போனில் படம் அனுப்புகிறார், முன்வாசல் முழுக்கக் கொரியன் புல் விரிக்கிறார்கள். மழைக்காலத்தில் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். மார்ச் வந்ததும் கணக்கு தெரியும். நூறு சதுர அடிப் புல்லை ஒரு அங்குலம் நனைக்க 236 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஆயிரம் சதுர அடி என்றால் 2,360 லிட்டர். கோடையில் வாரம் ஒருமுறை அப்படி நனைத்தாலே மாதத்துக்கு ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் போய்விடும். தெருக்குழாயில் குடத்தோடு பெண்கள் வரிசையில் நிற்கும் மாதத்தில் இவ்வளவு தண்ணீரைப் புல்லுக்கு விடுவது சரியென்று எங்களுக்குப் படவில்லை.

புல்லே வேண்டாம் என்று சொல்லவில்லை. அளவைத் தண்ணீரை வைத்து முடிவு செய்யுங்கள். ஒளு செய்யும் தண்ணீரில் சோப்பு கிடையாது. செடிக்கு அப்படியே விடலாம். ஒருவருக்கு ஒரு வேளைக்கு இரண்டு லிட்டர் என்று வைத்தாலும், நான்கு பேர் உள்ள வீட்டில் ஐந்து வேளைக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர், வாரத்துக்கு 280 லிட்டர். நூறு சதுர அடிப் புல்லுக்கு அது தாராளம். மீதி இடத்தில் கறிவேப்பிலை, எலுமிச்சை, மருதாணி வைத்து, அடியில் காய்ந்த இலையையும் தேங்காய் மட்டையையும் மூடாக்காகப் பரப்பினால் ஈரம் நெடுநேரம் நிற்கும்.

புதிதாகப் புல் வைப்பவர்கள் அருகம்புல்லையே வைக்கலாம். உப்புத் தண்ணீரையும் வெயிலையும் தாங்கும்; காய்ந்து பழுத்துப் போனாலும் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். எந்தப் புல்லானாலும் ஒரே வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்காதீர்கள். கோடையில் இன்னும் சற்று உயரமாகவே விடுங்கள். தண்ணீரை வெயில் ஏறும் முன் காலையில் விடுங்கள். ஒளுத் தண்ணீருக்குக் குழாய் பதிக்கும்போது கழிப்பறைக் குழாயோடு அது எங்கும் சேராமல் பார்த்துக்கொள்ளும்படி கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.