அத்யயனமும் ஸ்வய பரீக்ஷையும்

அத்யயன உத்ஸவ காலத்தில் கோஷ்டியின் பின்வரிசையில் அமர்ந்து, முன்னிருப்போர் குரலோடு குரல் சேர்த்துத் திருவாய்மொழி ஸேவித்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அப்போது ஒரு சொல்லும் தடுக்குவதில்லை. மறுநாள் இல்லத்தில் தனியே அமர்ந்து அதே பதிகத்தைத் தொடங்கினால், மூன்றாம் பாசுரத்திலேயே நா நின்றுவிடுகிறது. தெரியும் என்று எண்ணியது ஒன்று. உண்மையில் தெரிந்திருந்தது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றி, பாடசாலையில் பயின்றவன் என்ற முறையிலும், மாலை வேளைகளில் சில சிறுவர்களுக்குச் சந்தை சொல்லி வைப்பவன் என்ற முறையிலும், அடியேன் அறிந்ததை இம்மலரில் விண்ணப்பிக்கிறேன்.

ஆசார்யர் ஒருமுறை சொல்ல, சிஷ்யர்கள் இருமுறை திருப்பிச் சொல்வதே சந்தை. இதைக் காண்போர், திரும்பத் திரும்பச் சொல்வதே மனப்பாடத்தின் ரகஸ்யம் என்று கருதுகின்றனர். அது பாதி உண்மை. சந்தை பாடத்தை உள்ளே செலுத்தும் வழி. உள்ளே சென்றதைத் துணையின்றி வெளியே கொணர்வது மற்றொரு பயிற்சி. அதுவே பாடத்தை நிலைநிறுத்துவது.

அடியேனுடைய ஆசார்யர் ஒரு பித்தளைச் செம்பு வைத்திருந்தார். தைத்திரீய ஸம்ஹிதையில் ஐம்பது ஐம்பது பதங்களாக வகுத்த பகுதிகளைப் பஞ்சாதி என்பர். அப்பஞ்சாதிகளின் முதற்சொற்களைத் துண்டுக் காகிதங்களில் எழுதி அதனுள் இட்டிருப்பார். ஸாயம் ஸந்த்யாவந்தனம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். வந்த இடத்திலிருந்து தொடர்ந்து சொல்ல வேண்டும். தடுமாறினால் உடனே எடுத்துக் கொடுக்கமாட்டார். கண்ணை மூடியபடி மௌனமாக இருப்பார். அந்த மௌனம் பிரம்படியைவிடக் கொடியது! ஆயினும் அந்த மௌனத்தில் தேடித் தேடி எடுத்த சொல் பின்னர் ஒருநாளும் மறந்ததில்லை.

பதினேழாம் வயதில் இரண்டு மாத விடுமுறைக்கு, ராசிபுரத்தை அடுத்த எங்கள் கிராமத்திற்கு வந்திருந்தேன். நாள்தோறும் புத்தகத்தை விரித்து, ஒரு நாளும் தவறாமல் பாராயணம் செய்தேன். என்னுடன் பயின்ற மற்றொருவனிடம் புத்தகமே இல்லை. அவன் தகப்பனாரின் நிலக்கடலைக் காட்டுக்குப் போகவரும் வழியில் வாய்க்கு வந்தவரை சொல்லுவான். நின்ற இடங்களை நினைவில் வைத்து, பாடசாலைக்குத் திரும்பிய அன்றே ஆசார்யரிடம் கேட்டுத் திருத்திக்கொண்டான். மறுநாள் மாலை செம்பு வந்தது. நான் இரண்டாம் வரியில் நின்றேன். அவன் எந்தச் சீட்டுக்கும் நிற்கவில்லை. புத்தகத்தை நாள்தோறும் பார்த்தவனுக்கு இந்தக் கதி நேர்ந்ததேன் என்பது அன்று விளங்கவில்லை.

விளக்கம் பல்லாண்டுகளுக்குப் பின் கிடைத்தது. அமெரிக்காவில் ஸெயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக்கே என்னும் இருவர் 2006இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாயைப் பற்றியும் இரு சிறு உரைப்பகுதிகளை மாணவர்கள் படித்தனர். ஒரு பகுதியை மீண்டும் படித்தனர். மற்றதை மீண்டும் பாராமல், நினைவில் உள்ளதை எழுதினர். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது மீண்டும் படித்ததில் 81 சதவிகிதமும், எழுதிப் பார்த்ததில் 75 சதவிகிதமும் நினைவில் இருந்தன. ஒரு வாரம் சென்றபின் நிலைமை தலைகீழாயிற்று: மீண்டும் படித்தது 42, எழுதிப் பார்த்தது 56. மற்றொரு சோதனையில், நான்கு முறை படித்தவர்கள் ஒரு வாரத்தில் 40 சதவிகிதமே நினைவுகூர்ந்தனர். ஒருமுறை படித்து மும்முறை தம்மைத் தாமே சோதித்தவர்களோ 61 சதவிகிதம் கூறினர். வேடிக்கை யாதெனில், தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் நான்கு முறை படித்தவர்களே. ராசிபுரத்துப் பையனும் அப்படித்தான் நம்பியிருந்தான்.

ஜடை, கனம் முதலிய பாடங்களையும் இவ்வழியில் நோக்கலாம். ஜடையில் முதற்சொல், இரண்டாம் சொல். இரண்டாம் சொல், முதற்சொல். மறுபடி முதற்சொல், இரண்டாம் சொல் என்று முன்னும் பின்னுமாகச் சொல்லிச் செல்வர். வேதத்தில் ஓர் எழுத்தும் பிறழாமல் காப்பதற்கு ஏற்பட்ட முறை இது. ஆயினும் ஓதுபவனுக்கும் இதனால் ஒரு லாபம் உண்டென்று அடியேனுக்குத் தோன்றுகிறது. வெள்ளத்தோடு மிதந்து செல்ல இது விடுவதில்லை. ஒவ்வொரு சொல்லையும் தனியே தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. திருவாய்மொழியின் அந்தாதித் தொடை இதற்கு மாறாக அடுத்த பாசுரத்தின் தொடக்கத்தைத் தானே கைகாட்டிவிடும். ஆகையால் பதிகத்தின் நடுவில் ஒரு பாசுரத்தைச் சொல்லி, அங்கிருந்து ஸேவிக்கச் சொல்வதே உரிய சோதனை.

நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த கணிதமேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜன், கும்பகோணத்தில் மாணவராயிருந்த 1903இல், கார் என்பவர் தொகுத்த கணித நூலைப் பெற்றார். ஆயிரக்கணக்கான தேற்றங்கள், நிரூபணமோ மிகச் சொற்பம். ஒவ்வொன்றையும் அவர் தாமே நிறுவிப் பார்த்தார். இது மனப்பாடமன்றுதான். எனினும் பிறர் விடையை நாடாமல் தன்னுள்ளே தேடும் பழக்கம் இங்கும் உண்டு.

ஓர் எச்சரிக்கை. மந்திரங்களில் சோதித்தபின் சரிபார்த்தல் இன்றியமையாதது. பிழையான ஸ்வரத்தைப் பத்து முறை தனியே சொன்னவன் அப்பிழையையே நிலைநிறுத்திக்கொள்கிறான். ஆகவே மூடிச் சொல்லி, நின்ற இடத்தில் சற்றுப் பொறுத்து, பின் புத்தகத்தையோ பெரியவரையோ நாடவேண்டும். அடுத்த நாள் புதுப்பாடத்திற்கு முன் அதையே கேட்டுக்கொள்ளவேண்டும். மூன்று நாள் விட்டு மறுபடி. ஒரு வாரம் விட்டு மறுபடி.

இப்போது பெற்றோர் கைபேசியில் பாராயணத்தைப் பதிவு செய்து குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டுகின்றனர். உச்சரிப்புக்கு மிக நன்று. ஆனால் கூடவே முணுமுணுக்கும் குழந்தை, பின்வரிசையில் அமர்ந்த நம்மைப் போன்றதே. மூன்று முறை கேட்டபின் அதை நிறுத்திவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

ஆசார்யர் திருநாட்டுக்கு எழுந்தருளியபின் அந்தச் செம்பு அடியேனிடம் வந்தது. சென்ற மாதம் அதைக் கவிழ்த்தபோது, பஞ்சாதிச் சீட்டுகளுக்கு நடுவே அமிலம், காரம், மின்தடை என்று எழுதிய சில சீட்டுகள் விழுந்தன. பத்தாம் வகுப்புப் படிக்கும் சிஷ்யன் ஒருவன் போட்டவை. அவற்றை எடுத்துவிடவில்லை, மாலையில் வரிசை வரும்போது அவற்றையும் கேட்கிறேன். விடை சரியா என்று பார்க்க, அவனுடைய பாடப்புத்தகம் என் மடியில் இருக்கிறது.