சோமாலிய நிலத்தின் கட்டடப் பொருள்களும் அவற்றைச் சுடும் வெப்பமும்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் கிழக்கு முனையில், ஏடன் வளைகுடாவிற்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே கொம்பு போல் நீண்டு கிடக்கும் நிலம் சோமாலிய மக்களின் தாயகமாகும். எத்தியோப்பியாவின் சோமாலிப் பகுதியும் கென்யாவின் வடகிழக்கும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை. சுண்ணாம்புக்கல்லும் ஜிப்சமும் மலிந்த இந்நிலத்தின் துறைமுகங்களில், பல பத்தாண்டுகளாகச் சிமெண்டு மூட்டைகள் வெளிநாட்டுக் கப்பல்களிலிருந்தே பெரும்பாலும் இறக்கப்பட்டு வந்துள்ளன. கல் இருந்தும் சிமெண்டு இல்லாமைக்குக் காரணத்தைச் சூளையின் வெப்பத்தில் தேடுதல் வேண்டும்.

மேய்ச்சல் மக்களின் வீடு ‘அகல்’ எனப்படும். (விளக்கைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) வளைத்த கொம்புகளை நட்டு, பெண்கள் முடைந்த நார்ப்பாய்களை அவற்றின்மேல் போர்த்தி இதனை அமைப்பர், இடம் பெயரும்போது பிரித்து ஒட்டகத்தின்மீது ஏற்றுவர். ஜூபா, ஷபெல்லி ஆறுகளின் வேளாண் நிலங்களிலோ, கழிகளை நட்டு மண் பூசிப் புல் வேய்ந்த வட்டக் குடில்களைக் காணலாம். இவ்விரண்டிற்கும் சூளை தேவையில்லை.

கடற்கரை நகரங்களான மொகதிஷு, மெர்கா, பராவா ஆகியவற்றின் பழைய வீடுகள் பவழக்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டப்பட்டவை. மேல்தளத்தைத் தாங்கியவை மரக்கழிகளாதலால், கழியின் நீளமே அறையின் அகலத்தை வரையறுத்தது. சுண்ணாம்புக்கல் நன்கு வேக ஏறத்தாழ 900 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். தூய கல் 100 கிலோ வெந்தால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும். எஞ்சிய 44 கிலோ கரியமில வாயுவாக வெளியேறிவிடும். காளவாய்க்கு வேண்டிய விறகு முட்புதர்க் காடுகளிலிருந்தே வரவேண்டும். அக்காடுகளோ கரி சுடுவதற்காக முன்னரே பெரிதும் வெட்டப்பட்டவை. சோமாலியாவிலிருந்து கரி ஏற்றுமதியாவதை ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு அவை 2012இல் தடை செய்தது.

சிமெண்டிற்கோ 1450 டிகிரி வெப்பம் வேண்டும். இதனை விறகால் எட்டுதல் அரிது. எண்ணெய் அல்லது நிலக்கரி, இடையறாத மின்சாரம், உதிரிப் பாகங்கள் ஆகிய யாவும் ஒருங்கே கிடைத்தால்தான் சுழல் சூளை இயங்கும். பெர்பெராவில் 1980களில் நிறுவப்பட்ட தொழிற்சாலை உள்நாட்டுப் போரால் நின்றுபோனது. ஹர்கேசா நகரம் 1988இல் குண்டுவீச்சால் பெரும்பாலும் அழிந்தது. 1991க்குப் பின் மக்கள் திரும்பி, வெளிநாடுகளில் வாழும் உறவினர் அனுப்பிய பணத்தைக் கொண்டு அதனைக் கட்டியெழுப்பினர். இவ்வாறு சிமெண்டுத் தேவை பெருகிய காலத்தில் உள்நாட்டுச் சூளை குளிர்ந்து கிடந்தது.

இறக்குமதிச் சிமெண்டு விலை மிக்கது. ஆகவே கலவையில் அதன் அளவைக் குறைக்கும் ஆசை எழுவது இயல்பு. அதனினும் கேடு விளைப்பது கடல்மணலாகும். அதிலுள்ள உப்பு காங்கிரீட்டினுள் இருக்கும் இரும்புக் கம்பியை அரிக்கிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்வதால், கம்பியைச் சூழ்ந்த பகுதி வெடித்துப் பெயர்கிறது. பழைய பவழக்கல் வீடுகளில் இரும்புக் கம்பி இல்லாமையால் இக்குறை நேரவில்லை. மணலை நன்னீரில் கழுவினால் உப்பு நீங்கும். ஆயினும் வறண்ட கரையில் நன்னீரும் விலைப்பொருளே.

பெர்பெராவை அடுத்துப் பெரும் ஜிப்சப் படிவுகள் உள்ளன. ஜிப்சம் ஏறத்தாழ 150 டிகிரியிலேயே தன் நீரில் முக்காற்பங்கை இழந்து, நீர் சேர்த்தவுடன் விரைவில் இறுகும் மாவாகிறது. எளிய அடுப்பும் இதற்குப் போதும். ஆனால் இறுகிய ஜிப்சம் நீரில் சிறிது கரையும் தன்மையுடையது. எனவே உட்சுவர்ப் பூச்சிற்கும், கூரைக்கு அடியில் பதிக்கும் பலகைகளுக்கும் அது ஏற்றது; அடித்தளத்திற்கும் மழை படும் வெளிச்சுவருக்கும் உதவாது.

சுடாமலே செய்யத்தக்க மற்றொரு பொருள் மண்கட்டியாகும். மணற்பாங்கான மண்ணோடு பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான சிமெண்டைக் கலந்து, கைவிசை அச்சில் அழுத்தி இதனைச் செய்வர். கட்டிகளை நிழலில் அடுக்கிச் சாக்கால் மூடி, இரண்டு மூன்று வாரங்கள் ஈரம் காத்தல் வேண்டும். வெயிலில் விரைந்து உலர்ந்த கட்டி கையாலேயே உதிரும். இதற்கு வேண்டிய நீரையும் முன்கூட்டியே கணக்கிட்டு, மழைக்காலத்தை ஒட்டி வேலையைத் தொடங்குவது நலம்.