பயிர்ச் சேதத்தை வீடியோ எடுக்கும் முறை

பயிரில் பூச்சியோ நோயோ தென்பட்டால் உழவர்கள் பலர் இன்று கைபேசியில் வீடியோ எடுத்து, வேளாண்மை அலுவலருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி ஆலோசனை கேட்கின்றனர். இதனால் அலைச்சலும் நேரமும் மிச்சமாகின்றன. ஆனால் படம் சரியில்லாவிட்டால் பரிந்துரையும் தவறிப்போகும். மருந்துச் செலவு வீணாகும்.

நெற்பயிரைத் தாக்கும் புகையானை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். இப்பூச்சிகள் தூரின் அடிப்பாகத்தில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சுகின்றன. வரப்பில் நின்று எடுத்த படத்தில் மஞ்சளித்த பயிர் மட்டுமே தெரியும். தழைச்சத்துக் குறைவு என்று எண்ணி யூரியா இட்டால் புகையான் மேலும் பெருகும். பயிர் வட்ட வட்டமாகத் தீய்ந்துவிடும். ஆகவே வயலில் இறங்கி, பயிரை விலக்கி, தூரின் அடிப்பாகத்தைப் படம் எடுத்தல் அவசியம்.

மூன்று நிலைகளில் எடுத்தல்

முதலில் வரப்பில் நின்று வயல் முழுவதையும் எடுக்க வேண்டும். சேதம் திட்டுத் திட்டாக உள்ளதா, பரவலாக உள்ளதா என்பது இதில் தெரியும். அடுத்து, பாதிக்கப்பட்ட ஒரு தூரையும் அருகிலுள்ள நல்ல தூரையும் காட்ட வேண்டும். கடைசியாக இலை, தண்டு, புழு ஆகியவற்றை நெருக்கத்தில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் 10 விநாடி போதும். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் புழுவின் அளவு விளங்கும்.

ஒளியும் அசைவும்

காலை வெயில் ஏறுமுன் அல்லது மாலையில் எடுப்பது நல்லது. உச்சி வெயிலில் இலையின் நிறம் வெளிறித் தெரியும். சூரியன் முதுகுப்புறம் இருக்க வேண்டும். ஆனால் எடுப்பவரின் நிழல் பயிர்மீது விழக்கூடாது. லென்சில் படிந்த வியர்வையையும் தூசியையும் மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துக் கொள்ள வேண்டும். கைபேசியைக் குறுக்காக, இரு கைகளாலும் பிடித்து, முழங்கைகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டால் படம் ஆடாது. திரையில் பெரிதாக்குவதைவிட, செடியின் அருகில் சென்று எடுப்பதே தெளிவு தரும். படம் மங்கினால், திரையில் செடி தெரியும் இடத்தை விரலால் ஒருமுறை தொட வேண்டும்.

செய்து காட்டுதல்

வீடியோவின் பெரும்பயன் இதுவே. நடுக்குருத்து காய்ந்திருந்தால் அதை இழுத்துக் காட்டலாம். எளிதில் கையோடு வந்தால் குருத்துப்பூச்சி எனச் சந்தேகிக்கலாம். இலை நுனியிலிருந்து ஓரமாகக் கருகியிருந்தால், கருகலும் பச்சையும் சேரும் இடத்தில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரில் இடவேண்டும். வெட்டிய முனையிலிருந்து பால்போன்ற கசிவு வந்தால் அது பாக்டீரியா இலைக்கருகலின் அறிகுறி. டம்ளருக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்தால் கசிவு நன்கு தெரியும்.

2018ஆம் ஆண்டு முதல் மக்காச்சோளத்தைத் தாக்கி வரும் படைப்புழுவின் தலையில் தலைகீழ் ‘ஒய்’ வடிவக் கோடும், வால்பகுதியில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் இருக்கும். இவ்விரண்டும் படத்தில் விழ வேண்டும்.

சொல்ல வேண்டியவை

பயிரின் ரகம், நட்ட நாள், இட்ட உரம், தெளித்த மருந்தின் பெயர், தெளித்த நாள் ஆகியவற்றை வீடியோவிலேயே பேசிப் பதிவு செய்யலாம். அப்போது மோட்டாரை நிறுத்தி, காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவின் தெளிவு குறையும். எனவே நெருக்கத்தில் எடுத்த இரண்டு மூன்று புகைப்படங்களை ‘டாகுமெண்ட்’ ஆகச் சேர்த்து அனுப்புவது நலம். பதில் வருமுன் மருந்து தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும். படத்தில் ஐயம் தீராவிட்டால், பாதிக்கப்பட்ட செடியை வேருடன் எடுத்துச் சென்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் நேரில் காட்டி ஆலோசனை பெறலாம்.