பின்னத்தின் கீழே நிற்பவர்கள்

பதினோராம் வகுப்பில் வரும் சார்புநிலை நிகழ்தகவுக்குச் சூத்திரம் ஒரே வரிதான்: இரண்டும் சேர்ந்து நடக்கும் நிகழ்தகவை, நடந்துவிட்டதாகத் தெரிந்ததன் நிகழ்தகவால் வகுக்க வேண்டும். அதை மனப்பாடம் செய்வதில் யாருக்கும் சிரமமில்லை. எதால் வகுப்பது என்ற இடத்தில்தான் கால் இடறுகிறது. அங்கே மருத்துவர்களும் நீதிமன்றமும்கூட இடறியிருக்கிறார்கள்.

நம்பிக்கை: நோயுள்ளவர்களில் 80 சதவீதம் பேரைச் சோதனை கண்டுபிடிக்கும் என்றால், ‘பாசிட்டிவ்’ வந்தவருக்கு நோய் இருக்க 80 சதவீத வாய்ப்பு.

உண்மை: அமெரிக்க மருத்துவர் டேவிட் எடி 1982-இல் எழுதிய கட்டுரை இந்தக் குழப்பத்தைப் பற்றியதுதான். அதில் வரும் கணக்கில், 100 பெண்களில் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய். மேமோகிராம் நோயுள்ளவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேரைக் காட்டும்; நோயில்லாதவர்களிலும் 9.6 சதவீதம் பேரைத் தவறாகக் காட்டும். ‘பாசிட்டிவ்’ வந்தவருக்கு நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? மருத்துவர்களில் நூற்றுக்கு 95 பேர் சொன்னது சுமார் 75 சதவீதம்.

1,000 பெண்களை எண்ணிப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். நோயுள்ள 10 பேரில் 8 பேருக்குப் பாசிட்டிவ். நோயில்லாத 990 பேரிலும் 95 பேருக்குப் பாசிட்டிவ். ஆக 103 பேரில் 8 பேர். 8 சதவீதம்கூட முழுசாக இல்லை. மேலே இருக்கும் 8 இரண்டு கணக்கிலும் அதே 8தான். கீழே 10 நின்றால் 80 சதவீதம், 103 நின்றால் இது. அதற்காகச் சோதனை வீண் என்று சொல்ல முடியாது. ஒரு சதவீதமாக இருந்த வாய்ப்பு ஏறக்குறைய எட்டு மடங்காகியிருக்கிறதே, அடுத்த பரிசோதனைக்கு அனுப்ப அது போதும்.

நம்பிக்கை: இரண்டு நிகழ்ச்சிகளும் சேர்ந்து நடக்க, தனித்தனி நிகழ்தகவுகளைப் பெருக்கினால் போதும்.

உண்மை: சாரா நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே. இதை மறந்ததன் விலையை இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற தாய் கொடுத்தார். அவருடைய இரண்டு ஆண் குழந்தைகளும் அடுத்தடுத்து இறந்தன. சாலி மீதான கொலை வழக்கில், அவர்களுடையதைப் போன்ற குடும்பத்தில் காரணம் தெரியாத திடீர் சிசு மரணம் 8,543-இல் ஒன்று என்ற எண்ணை அதே எண்ணால் பெருக்கி, இரண்டும் இயற்கை மரணமாக இருக்க 7.3 கோடியில் ஒரு வாய்ப்பு என்றார் மருத்துவர் ராய் மெடோ. ஒரே பெற்றோர், ஒரே வீடு. முதல் மரணம் நடந்த குடும்பத்தில் இரண்டாவதன் நிகழ்தகவு பழைய எண்ணாகவே இருக்கும் என்று யார் சொன்னது? போதாக்குறைக்கு, அந்த எண்ணே சாலி நிரபராதி என்பதற்கான வாய்ப்பாகவும் புரிந்துகொள்ளப்பட்டது. ஒரு தாய் இரண்டு சிசுக்களைக் கொல்வதும் அபூர்வம்தான். அதோடு ஒப்பிடாமல் முடிவுக்கு வர வழியில்லை. 1999-இல் ஆயுள் தண்டனை. 2001-இல் ராயல் புள்ளியியல் கழகம் இந்தக் கணக்கைப் பகிரங்கமாக மறுத்தது. மறைக்கப்பட்ட ஒரு மருத்துவ அறிக்கை வெளிவந்த பிறகு, 2003-இல் விடுதலையானார். 2007-இல் இறந்துபோனார்.

நம்பிக்கை: ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள் சாரா நிகழ்ச்சிகள்.

உண்மை: நேர் எதிர். பகடையில் இரட்டை எண் விழுந்தது தெரிந்தால், ஒற்றை எண்ணின் நிகழ்தகவு 1/2-இலிருந்து பூஜ்யமாகிறது. இதைவிடச் சார்ந்திருக்க முடியாது.

நம்பிக்கை: பின்னால் நடந்தது முன்னால் நடந்ததன் நிகழ்தகவை மாற்றாது.

உண்மை: பையில் 2 சிவப்பு, 2 நீலக் கோலிகள். முதல் கோலியைப் பார்க்காமலே எடுத்து வைத்தாகிவிட்டது, இரண்டாவது சிவப்பு. முதலாவது சிவப்பாக இருக்க வாய்ப்பு? பாதி என்பார்கள் பலர். விடை 1/3. சிவப்பில் ஒன்று கையில் தெரிகிறது. முதல் கோலி மீதி மூன்றில் ஒன்று, அவற்றில் சிவப்பு ஒன்றே. நிபந்தனை என்பது நமக்குத் தெரிந்த தகவல், கடிகார வரிசை இல்லை. இப்படிப் பின்னோக்கிப் போகும் தாமஸ் பேயீஸின் கணக்குதான் 1763-இல், அவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, அச்சேறியது. நம்பாதவர்கள் நான்கு கோலிகளைப் பையில் போட்டு, இரண்டாவது சிவப்பாக வந்த தடவைகளை மட்டும் குறித்துக்கொண்டு எண்ணிப் பார்க்கட்டும்.