வடமுனைக் கடல்வழி: தொலைவும் காலமும்

கடல் வாணிகத்தில் தொலைவைக் குறைக்கும் முயற்சி தொன்மையானது. 1869-இல் திறக்கப்பட்ட சூயசுக் கால்வாய் அதன் பெரும்பேறு எனலாம். அதனினும் குறுகிய வழியொன்று உருசிய நாட்டின் வடகரையை ஒட்டிக் கிடக்கின்றது. சுவரில் தொங்கும் தட்டையான நிலப்படத்தில் அது நீண்டு தோன்றும். பூவுருண்டையின்மீது நூலொன்றை வைத்து அளப்பின் உண்மை புலனாகும். ஆலந்து நாட்டின் இராட்டர்டாமிலிருந்து சப்பானின் யோக்கோகாமாவுக்குச் சூயசு வழியே ஏறத்தாழ 20,700 கி.மீ.; வடமுனைக் கடல் வழியே அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவே. ஆயினும் வணிகர் இவ்வழியை நாடாமை ஏன் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இவ்வழியை முதன்முதல் முழுமையாகக் கடந்தவர் நோர்டென்சியோல்டு ஆவார். அவருடைய 'வேகா' கப்பல் 1878 செப்டம்பர் இறுதியில் பெரிங் நீரிணையை நெருங்கிய நிலையில் உறைபனியில் சிக்கியது. பத்துத் திங்கள் அங்கேயே கிடந்தது. 1879 சூலை 18-இல் பனி விட்டது. இரண்டே நாளில் நீரிணையை எய்தியது! இரண்டு நாள் வழிக்குப் பத்துத் திங்கள் காத்திருப்பு. இவ்வழியின் இயல்பு முழுவதும் இந்நிகழ்ச்சியில் அடங்கியுள்ளது என்பது என் கருத்து.

1932-இல் 'சிபிரியாக்கோவ்' ஒரே பருவத்தில் இவ்வழியைக் கடந்தது. ஆனால் அடுத்த ஆண்டு புறப்பட்ட 'செலியூசுக்கின்' பனியால் நெருக்குண்டு 1934 பிப்ரவரியில் மூழ்கியது. பனிப்பரப்பில் தங்கிய நூற்றுக்கு மேற்பட்டோரை வானூர்திகள் மீட்டன. பின்னர் 1959-இல் அணு ஆற்றலால் இயங்கும் பனியுடைப்புக் கப்பலான 'லெனின்' பணியிற் சேர்ந்தது. 1991-இல் இவ்வழி அயல்நாட்டுக் கப்பல்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 2017-இல் நீர்ம எரிவளி ஏற்றிய கப்பலொன்று பனியுடைப்புக் கப்பலின் துணையின்றியே நார்வேயிலிருந்து தென்கொரியாவுக்கு 19 நாளில் சென்றது. புவி வெப்பமுற்றுப் பனி குறைந்து வருதலே இதற்குப் பெரிதும் இடந்தந்தது.

பனி குறைந்தால் இடர் நீங்கிவிடும் என்று எண்ணற்க. 2021 நவம்பரில் உறைபனி முந்திக்கொண்டது. இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் இடைவழியில் நின்றன. அணுக் கப்பல்கள் சென்று வழி பிளந்தன. சரக்குப் பெட்டகக் கப்பலை நடத்துவோர்க்கு வேண்டுவது விரைவு மட்டுமன்று. குறித்த நாளில் சென்று சேர்தலே முதன்மை. சூயசு வழியில் கொழும்பு, சிங்கப்பூர் எனத் துறைதோறும் பெட்டி இறக்கலாம், ஏற்றலாம். வடகடலில் அத்தகு துறைகள் எங்கே? மேலும் சன்னிக்கோவ் நீரிணையின் ஆழம் ஏறக்குறைய 13 மீட்டரே. பெரும் பெட்டகக் கப்பல்களோ நிறை சரக்கோடு 16 மீட்டர் வரை நீரில் அமிழ்வன.

2024-இல் இவ்வழியில் சென்ற சரக்கு ஏறத்தாழ 3.8 கோடி டன். கேட்பதற்குப் பெரிதே. எனினும் அதில் பெரும்பகுதி உருசியாவின் சொந்த எரிவளியும் எண்ணெயும் பிறவுமே. வழி முழுதும் கடந்தது ஏறத்தாழ 30 இலட்சம் டன். சூயசுக் கால்வாயோ 2021-இல் 100 கோடி டன்னுக்கு மேல் கடத்திற்று. ஆகவே இதனைச் சூயசின் மாற்றாகக் கொள்வதினும், வடபுலச் செல்வத்தை வெளிக்கொணரும் வாயில் எனக் கொள்வதே பொருந்தும்.

இழப்பு யாருக்கு என்பதும் எண்ணத்தக்கது. கப்பல்கள் எரிக்கும் கன எண்ணெய் குளிர்நீரில் எளிதிற் சிதையாது. பனிக்கிடையே சிந்தினால் திரட்டுதல் மிக அரிது. அதன் புகைக்கரி பனிமேற் படிந்து உருகுதலை விரைவுபடுத்துகின்றது. 2024 சூலை முதல் வடமுனைக் கடலில் அவ்வெண்ணெய்க்குப் பன்னாட்டுத் தடை உள்ளது. ஆயினும் கரையோர நாடுகள் தம் கொடியுடைய கப்பல்களுக்கு 2029 நடுப்பகுதி வரை விலக்களிக்க இடமுண்டு. அன்று 'வேகா' குழுவினரோடு பழகிப் பண்டமாற்றுச் செய்த சுக்சி மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அக்கரையில் வாழ்கின்றனர். வால்ரசும் திமிங்கிலமும் வேட்டையாடி உண்கின்றனர். எண்ணெய் சிந்தினால் முதலில் கெடுவது அவர்தம் உணவே.