கணப்பொழுது வாழும் சமதானிகள்

எமது முல்லைத்தீவின் தெற்கே, கொக்கிளாய்க்கு அப்பாலுள்ள புல்மோட்டைக் கருமணலை எம்மவர் பலர் கண்டிருப்பர். அதிலே சிறிதளவு மொனசைற்றும், அதனுள்ளே தோரியமும் உண்டு. தோரியம் 232 அல்பா, பீற்றாத் துணிக்கைகளை உமிழ்ந்து படிப்படியாக மாறி, ஈற்றில் ஈயமாகின்றது. இடையிலே தோன்றும் பொலோனியம் 216 இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 0.15 செக்கன் மட்டுமே. தராசில் நிறுக்கவொண்ணாத அதனை எங்ஙனம் அறிவது?

அல்பாவை உமிழும் ஒவ்வொரு சமதானியும் தனக்கே உரிய சக்தியுடன் அதனை விடும். அல்பா ஒன்று நீங்கின் அணுவெண்ணில் 2, திணிவெண்ணில் 4 குறையும். ஆதலின் மகள் அறியப்பட்டதாயின் தாயும் அறியப்படும். 1905 இல் ஒட்டோ ஹான் இலங்கைத் தோரியனைற்றிலே இரேடியோதோரியத்தைக் கண்டதும் கதிர்வீச்சின் துணைகொண்டே. 2006 இல் அறிவிக்கப்பட்ட 118 ஆம் மூலகத்தின் சில அணுக்களும் அல்பாத் தொடராலேயே அடையாளங் காணப்பட்டன.

மாணவர்காள்! மறைந்த பொருளும் தன் சுவட்டை விட்டே செல்லும்; அதனை நுணுகி நோக்குவதே விஞ்ஞானம்.